ரதியின் கண்ணுக்கு மட்டும்

நடுவர் அவர்களே, பதுளை மண்டபம் நிறைய வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, வணக்கம். இறந்தவரை மெய்நிகர் உருவமாக நாடக மேடைக்குக் கொண்டுவந்தால் துயரம் ஆறுமா, கிளறுமா? ஆறும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா ஒரு கொரியத் தாயைச் சொல்லி நம்மைக் கலங்க வைத்தார். 2020 பெப்ரவரியில் எம்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது அது. ஏழு வயதில் நோயால் இறந்த மகளைக் கணினியில் உருவாக்கி, இல்லாததைக் கண்முன் காட்டுகிற விஆர் கருவியைத் தாயின் கண்ணில் மாட்டிவிட்டார்கள். அவர் வெற்று வெளியைத் தடவித் தடவி அழுதார். கொடுமை என்றார் அக்கா. எனக்கும் நெஞ்சு தாங்கவில்லை. ஆனால் அது தொலைக்காட்சி நிகழ்ச்சி. கூடவே அழ அங்கே ஊர் இல்லை. நாடகத்தில் ஊர் இருக்கும், அக்கா.

மாசியில் காமன் கூத்து ஆடுகிற காமன் பொட்டலில் நாம் என்ன செய்கிறோம்? நெற்றிக்கண் பட்டு மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். ரதி வேடம் கட்டியவர் நேற்றுவரை மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய நம்ம அண்ணன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அழுகிறோம். ரதிக்காக மட்டுமா? புருஷனைப் பறிகொடுத்தவள் புருஷனுக்காக, பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளைக்காக. பிறகு மதன் உயிர்த்தெழுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது கதை. கருவி மாட்டியவருக்கு மட்டும் தெரிகிற உருவம் வேறென்ன, நடுவர் அவர்களே?

இயந்திரம் ஆட்டுகிற பொம்மை என்று பயப்பட வேண்டாம். 2016இல் இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஏரியல் என்ற பாத்திரத்தைக் கணினி உருவமாகக் காட்டியது. உடம்பில் உணரிகளோடு நடிகர் ஆட, அந்த அசைவை அந்தக் கணமே உருவம் வாங்கிக்கொண்டது. உள்ளே ஆடுவது உயிருள்ள மனிதர். எதிரே இருப்பவர் தாங்கவில்லை என்றால் அந்த நடிகர் ஆட்டத்தை நிறுத்துவார். பதிவுசெய்த படத்துக்கு அது தெரியாது.

2014 ஒக்டோபர் 29 அன்று நம்ம பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத்து லயன் வீடுகளை மூடியதே, பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. வாய்க்கரிசி போட முகம் இல்லாத துக்கம் அது. அந்த உறவுகள் மனம் ஒப்பினால் மட்டும், அவர்களுடைய முற்றத்தையும் அவர்களுடைய ஆளையும் மேடைக்குக் கொண்டுவரலாம். அவர்கள் மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். உருவம் பேசவும் கூடாது. இறந்தவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்க யாருக்கும் உரிமையில்லை. உறவுகள் பேசட்டும், உருவம் கேட்கட்டும். ஒப்பாரியில் நாம் பதிலை எதிர்பார்த்தா அழுகிறோம்?

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். படத்துக்கு மாலை போடுகிறோம், பிடித்த பலகாரம் படைக்கிறோம், அதன் முன்னால் நின்று பேசி அழுகிறோம். அதையெல்லாம் ஆறுதல் என்று ஒத்துக்கொள்கிற நீங்கள், அந்தப் படம் ஒரு நாழிகை எழுந்து நின்றால் மட்டும் ஏன் குற்றம் என்கிறீர்கள்? பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள், தம்பி.