வெறும் ஃப்ரெண்ட்லி தானே என்று கேட்ட தம்பிக்கு

வணக்கமுங்க. இந்த வாரம் சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதிக்கு நிறையக் கால்பந்துக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆஃப்சைடு பற்றி மட்டுமே ஏழெட்டு இருக்கிறது, அதையெல்லாம் அடுத்த வாரம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். நாலு நாளாக என்னைக் குடைந்துகொண்டிருப்பது ஒரே ஒரு கேள்விதான். கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, போன வீடியோவில் பிளைமவுத் டீம் சாண்டோஸை ஜெயித்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னீங்க. அது வெறும் ஃப்ரெண்ட்லி தானே? புள்ளி இல்லை, கோப்பை இல்லை. பீலே வந்தார், ஒரு பெனால்டி அடித்தார், போய்விட்டார். இதை அம்பது வருஷமாக நினைத்துக்கொண்டு இருப்பதில் என்ன இருக்கிறது?"

முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்தால், தம்பி கேட்டதில் தப்பே இல்லை. நான்தான் போன தடவை கதையைச் சொல்கிற வேகத்தில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போன வீடியோ பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 மார்ச் 14, புதன்கிழமை ராத்திரி. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலோர ஊர் பிளைமவுத். அந்த ஊர் கிளப் பிளைமவுத் ஆர்கைல், அப்போது மூன்றாவது டிவிஷனில் இருந்தது. எதிரே பிரேசிலின் சாண்டோஸ், அதில் 32 வயது பீலே, மூன்று உலகக் கோப்பை கையில் வாங்கிய மனிதர். ஹோம் பார்க் மைதானத்தில் கணக்குப்படி 37,639 பேர். கூட்டத்தைப் பார்த்த சாண்டோஸ்காரர்கள் பேசிய பணம் போதாது, இன்னும் 2,500 பவுண்டு கொடுத்தால்தான் இறங்குவோம் என்று நின்றுவிட்டார்கள். வெளியே அத்தனை ஜனம் காத்திருக்கிறது, கிளப் தலைவர் என்ன செய்வார், கொடுத்தார். ஆட்டம் தொடங்கியது. டௌலிங் ஒன்று, ரிக்கார்டு ஒன்று, ஹிஞ்ச் ஒன்று, இடைவேளைக்குப் பிளைமவுத் 3-0. அப்புறம் பீலேயின் பெனால்டி, சாண்டோஸின் இன்னொரு ஆட்டக்காரர் எடு ஒன்று அடித்தார், 3-2. அவ்வளவுதான் ஆட்டம். அன்றைக்குப் பிளைமவுத் மேனேஜராக இருந்த டோனி வெய்ட்டர்ஸ்தான் பின்னால் கனடாவை 1986 உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போனவர், அது வேறு கதை, அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடவேண்டும்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். ஃப்ரெண்ட்லிக்கு மதிப்பில்லை என்றால் முதலில் பீலேயின் கணக்கையே தொட வேண்டியிருக்கும் தம்பி. கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே 1,363 ஆட்டங்களில் 1,279 கோல் என்று இருக்கிறது. ஃப்ரெண்ட்லிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது 760-ஐ ஒட்டி வந்து நின்றுவிடும். மீதி ஐந்நூறு சொச்சம் எங்கே போய் அடித்தார்? பிளைமவுத் மாதிரி ஊர்களில்தான். சாண்டோஸ் அந்தக் காலத்தில் சர்க்கஸ் கம்பெனி மாதிரி உலகம் முழுக்க ஆடிச் சம்பாதித்த கிளப். சுற்றுப்பயணத்தில் வருகிற காசுக்காகத் தென்னமெரிக்காவின் பெரிய போட்டியையே வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஐந்நூறு சொச்சம் கோலையும் கணக்கில் இருந்து அடித்துவிடுங்கள் என்று இன்றைக்குப் புள்ளிவிவரக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். அடித்துவிடட்டும். ஆனால் அந்த ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் ஒரு ஊர் நின்றுகொண்டிருந்ததே, அதை என்ன செய்வது?

நான் எப்போதும் சொல்வதுதான், பழைய ஆட்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: ஃப்ரெண்ட்லிக்கு டேபிள் கிடையாது. லீக் ஆட்டம் என்றால் நீங்கள் மறந்தாலும் டேபிள் மறக்காது. எத்தனை புள்ளி, எத்தனாவது இடம், எல்லாம் எங்கேயோ எழுதியிருக்கும். ஃப்ரெண்ட்லியைப் பார்த்தவன் வாயில்தான் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பிளைமவுத் ரசிகர் ஒரு பெரியவரைப் பிடித்து அந்த சீசனில் உங்கள் டீம் எத்தனாவது வந்தது என்று கேட்டுப் பாருங்கள், புத்தகத்தைத் தேடுவார். சாண்டோஸ் ஆட்டத்தன்று எங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள், எந்தப் பக்கம், யார் தோளில் உட்கார்ந்து, யார் கையைப் பிடித்துக்கொண்டு என்று உடனே ஆரம்பித்துவிடுவார்.

கல்கத்தா வீடியோவில் இதையேதான் சொன்னேன். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ், மழையில் ஊறிய தரை, ஏறக்குறைய 80,000 பேர். நியூயார்க் காஸ்மாஸ் டீமோடு பீலே வந்து மோகன் பகானோடு ஆடி 2-2. ஷ்யாம் தாப்பா ஒன்று, நம் ஹைதராபாத் ஹபீப் ஒன்று. ஒரே வாரத்தில், அக்டோபர் 1 அன்று, பீலே ஆட்டத்தையே விட்டுவிட்டார். அந்த மழையில் நனைந்தவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எந்த டேபிளிலும் அது ஏறவில்லை. கல்கத்தாவில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு அதைச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்.

அப்புறம் இங்கிலாந்துக் கிளப் வுல்வ்ஸ், ஹங்கேரிக் கிளப் ஹான்வெட் ஆட்டம், 1954 டிசம்பர். புஷ்காஷ் இருந்த ஹான்வெட் 2-0 முன்னிலையில் இருந்து 3-2 தோற்றது. ஆட்டத்துக்கு முன்னால் தரையைச் சேறாக்கத் தண்ணீர் விடச் சொன்னார் வுல்வ்ஸ் மேனேஜர், விட்ட பையன்களில் ஒருவர் பின்னால் பெரிய மேனேஜரான ரான் அட்கின்சன். அதில் ஜெயித்ததும் நாங்கள்தான் உலகத்தின் சாம்பியன் என்று இங்கிலாந்துப் பத்திரிகை எழுத, பிரான்சில் லெக்கிப் பத்திரிகை ஆசிரியர் கப்ரியேல் ஆனோ அதெப்படி, எல்லா நாட்டுக் கிளப்பும் ஒரு போட்டி வைத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். மறு வருஷமே யூரோப்பியன் கப். இன்றைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்கள் முழித்திருந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கிறீர்களே தம்பி, அதன் வேரில் ஒரு ஃப்ரெண்ட்லி இருக்கிறது.

ஆனால் இந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. யூரோப்பியன் கப்பைக் கொண்டுவந்ததால் ஃப்ரெண்ட்லி பெரியது என்றால், ஒன்றையும் கொண்டுவராத ஃப்ரெண்ட்லி சின்னது என்று ஆகிவிடும். பிளைமவுத் ஆட்டம் ஒன்றையும் கொண்டுவரவில்லை. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும். தம்பி, நீங்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்டிருக்கலாம். "அண்ணா, நம்ம பக்கம் அப்படி யாராவது வந்து ஆடினாங்களா, அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கலாம். கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

நம் கோயமுத்தூரில் பெரிய ஆட்டம் என்றால் எல்லோரும் சொல்வது 2019 மார்ச் 9. நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபை 3-1 ஜெயித்து ஐ-லீக் சாம்பியன் ஆனது. பின்தங்கி இருந்து மான்சியின் பெனால்டி, அப்புறம் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ரெண்டு. நான் கேலரியில் இருந்தேன், தொண்டை மூன்று நாள் வரவில்லை. அது டேபிளில் ஏறிய ஆட்டம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். டேபிளில் ஏறாத ஒன்று இருக்கிறது, அதை எங்கள் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1980களின் தொடக்கம். சிங்காநல்லூர்ப் பக்கம் அப்பா வேலை பார்த்த மில்லுக்கு ஒரு டீம் இருந்தது. ஸ்பின்னிங்கில் அறுந்த நூலைச் சேர்க்கிற சைடர், நூல் நிறைந்த பாபினைக் கழற்றுகிற டாஃபர், பஞ்சைச் சுத்தம் செய்கிற பிளோரூம் ஆட்கள், அவர்கள்தான் பிளேயர்கள். கேரளாவில் இருந்து ஒரு பெரிய டீம் எங்கேயோ போட்டிக்குப் போகிற வழியில் ஒரு நாள் இங்கே தங்க வேண்டி வந்தது. மாநிலங்களுக்கு இடையே நடக்கிற சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் நாலு பேர் அதில். மில்லில் யாரோ போய் எங்கள் பையன்களோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள் என்று கேட்க, அவர்களும் சரி என்றுவிட்டார்கள். பணம் கிடையாது, டிக்கெட் கிடையாது, மில் கேன்டீனில் சாப்பாடு.

ஆட்டம் மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு. இங்கேதான் ஒரு சிக்கல். மில் ஊரில் பொழுது சங்குக் கணக்குத்தான். மூன்றேகால் சங்குக்கு ரெண்டாம் ஷிப்ட் ஆட்கள் கிளம்பி உள்ளே போகவேண்டும், மூன்றரைச் சங்குக்கு முதல் ஷிப்ட் வெளியே வரும். அதாவது ஒரே ஆட்டத்தை ரெண்டு கூட்டம் பாதிப் பாதி பார்த்தது. முதல் பாதி பார்த்தவர்களுக்கு 3-0, எங்கள் ஆட்கள் பந்தையே தொடவில்லை. ரெண்டாம் பாதிக்குத் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஓடிவந்தவர்களுக்கு அந்த கோல்.

அடித்தது ஒரு டாஃபர் பையன், பத்தொன்பது வயது இருக்கும். சொந்தமாக பூட்ஸ் இல்லை, யாரிடமோ கடன் வாங்கியது ரெண்டு சைஸ் பெரிது, முனையில் வேஸ்ட் பஞ்சைத் திணித்துப் போட்டிருந்தான். மூன்றே முக்கால் வாக்கில் இடது பக்கம் பந்து தவறி அவனிடம் வந்தது. ஒரே அடி. வலை கிடையாது, பந்து கம்பத்துக்கு உள்ளே போய்ப் பின்னால் இருந்த புளியமரத்தில் மோதி ஆட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டது. ரெஃப்ரி கோல் கொடுப்பாரா மாட்டாரா என்று ஒரு நொடி எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்களாம். கேரளா கோல்கீப்பரே கையைத் தூக்கி, கோல்தான் என்று சொல்லிவிட்டார்.

முடிவில் 5-1. அந்த அஞ்சை இன்று வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஒன்றை அப்பா சொல்லி நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பையன் எப்படித் திரும்பினான், பந்து எந்த உயரத்தில் போனது, மரத்தில் எந்தக் கிளைக்குக் கீழே பட்டது, எல்லாம் கையால் காட்டுவார். மில்லை மூடிவிட்டார்கள், கிரவுண்டில் இப்போது அபார்ட்மென்ட் நிற்கிறது, அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அப்பா இன்றைக்கும் ஜன்னல் வழியாகக் கை நீட்டி, "கண்ணு, அந்த ரெண்டாவது பில்டிங் இருக்குதல்ல, அதுதான் கோல் போஸ்ட்டு" என்பார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பிளைமவுத் கதைக்காக நான் தகவல் தேடிக்கொண்டிருந்த சமயம், அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "உங்கப்பா அன்னைக்கு ரெண்டாம் ஷிப்ட்டு கண்ணு. மூணேகாலுக்கே உள்ள போயிட்டாரு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. இத்தனை வருஷம் கையால் காட்டினாரே, அதெல்லாம்? நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். அப்பா கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை. "நான் எங்க கண்ணு பார்த்தேன்னு சொன்னேன்? நடந்ததைச் சொன்னேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான், ஒரு தடவைகூட அவர் பார்த்தேன் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. ஹோம் பார்க்கில் 37,639 பேர் என்று சொன்னேனே, அன்றைக்கு நான் அங்கே இருந்தேன் என்று பிளைமவுத்தில் எத்தனை பேர் சொல்வார்களோ, அவர்களில் ஒருவரைக்கூட எனக்கு இப்போது பொய்யர் என்று நினைக்கத் தோன்றவில்லை.

அப்புறம் அப்பா மீதியைச் சொன்னார். மெஷின் சத்தத்தில் வெளியே கூச்சல் போட்டதுகூட உள்ளே கேட்கவில்லையாம். சாயங்காலம் டீ நேரத்தில்தான் சேதி வந்திருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் போகவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகக் கிரவுண்டுக்குப் போயிருக்கிறார்கள். டார்ச் இல்லை. ஒரு சைக்கிளை கோல் பக்கமாக ஸ்டாண்டு போட்டு, டைனமோவை டயரில் ஒட்டவிட்டு, ஒருவர் கையாலேயே பெடலைச் சுற்ற, அந்த வெளிச்சத்தில் மற்றவர்கள் குனிந்து தேடியிருக்கிறார்கள். பூட்ஸ் ஆணி பதிந்த தடம் இருந்ததாம். அதற்கு ஒரு அடி தள்ளி, அடித்த வேகத்தில் பூட்ஸ் வாயில் இருந்து பிதுங்கி விழுந்த வேஸ்ட் பஞ்சு ஒரு கொத்து. அங்கிருந்து மரம் வரைக்கும் அப்பா காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறார். பாதி தூரத்தில் பெடல் சுற்றினவருக்குக் கை ஓய்ந்து வெளிச்சம் போய்விட்டது. நின்ற இடத்தில் இருந்து நகராமல், "இன்னொருக்கா சுத்துங்கண்ணா" என்று இருட்டுக்குள் இருந்து குரல் கொடுத்தாராம்.