இன்னும் ஒரு பாத்திரம் கொண்டுவா

(சபைகளின் கூட்டு மாநாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய பேராயர் அவர்களே, முன்னிலை வகிக்கும் போதகர் பெருமக்களே, வரவேற்புரை ஆற்றிய செயலர் அவர்களே, சற்று முன் சாட்சி சொன்ன சகோதரி அவர்களே, பாடல் குழுவின் இளைஞர்களே, பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் என் அன்பின் வணக்கம்.

பேராயர் அவர்கள் நமக்கெல்லாம் முன்பாகவே வந்து, நாற்காலி போடும் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்த எளிமைக்கு நன்றி. மண்டபம் தந்த நிர்வாகக் குழுவினருக்கும் ஒலிபெருக்கி அமைத்த தம்பிக்கும் நன்றி. எனக்கு முன் பேசிய ஐயாமார் எல்லாரும் குறித்த நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். அந்த நல்ல பெயரை நான் கெடுத்துவிடாதபடி ஜெபித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'தேவனைச் சார்ந்திருத்தலும் அற்புதங்களும்'. மூன்று காரியங்களைச் சொல்ல நினைத்திருக்கிறேன். முதலாவது, சார்ந்திருப்பது என்றால் என்ன. இரண்டாவது, கேட்ட அற்புதம் நடக்காதபோது என்ன செய்வது. மூன்றாவது, உண்மையான அற்புதத்தையும் விளம்பர அற்புதத்தையும் எப்படி இனம் காண்பது.

'திக்கற்றவருக்குத் தெய்வமே துணை' என்பார்கள் பெரியவர்கள். என் பேச்சை முன்பு கேட்டவர்கள், "ஆரம்பித்துவிட்டாரய்யா" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அந்தப் பழமொழியை நான் விடுவதாக இல்லை. துணை தெய்வம்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தத் துணை எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் என் கேள்வி.

இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். புருஷனை இழந்த ஒரு பெண். செத்துப்போனவர் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவர், கர்த்தருக்குப் பயந்து நடந்தவர். விட்டுப்போன சொத்து என்ன? கடன். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோகப் போகிறேன் என்கிறான். ஊழியக்காரன் வீட்டிலேயே இந்த நிலைமை என்பதைக் கவனியுங்கள். விசுவாசித்தால் கடனே வராது என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை எப்படித்தான் தாண்டிப் போகிறார்களோ!

அவள் தீர்க்கதரிசி எலிசாவிடம் ஓடுகிறாள். எலிசா கேட்கிறார், "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" இல்லாததைச் சொல்லி அழ வந்தவளிடம் இருப்பதைக் கேட்கிறார் மனுஷர்! ஒரு குடம் எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை என்கிறாள். சரி, அந்த இடத்திலேயே கையை நீட்டி ஜெபித்து எண்ணெயைப் பெருக்கிக் கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. அயல்வீட்டுக்காரர் எல்லாரிடத்திலும் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, அதுவும் அநேகம் பாத்திரங்களாக வாங்கு என்று அனுப்புகிறார்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அவள் கதவைத் தட்டுகிறாள். "என்னம்மா வேணும்?" "ஒரு பாத்திரம்." "எதுக்கு?" "எண்ணெய் ஊத்தி வைக்க." "எண்ணெய் எங்கே இருக்கு?" என்ன பதில் சொல்வாள், பாவம்! "இனிமேல்தான் வரணும்" என்பாளா? கடன்காரன் வாசலில் வந்து கத்தினதை அந்தத் தெருவே கேட்டிருக்கும். இவளிடம் கொடுத்தால் பாத்திரம் திரும்பி வராது என்று கதவைச் சாத்தினவர்களும் இருந்திருப்பார்கள். சிலர் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்கள். இரண்டு பையன்களும் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று சுமந்திருப்பார்கள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வார்க்கிறார்கள். ஒன்று நிறைகிறது, அடுத்தது நிறைகிறது. "இன்னும் ஒரு பாத்திரம் கொண்டுவா" என்கிறாள். "வேறே பாத்திரம் இல்லை" என்கிறான் மகன். அடுத்த வரியைத்தான் நான் எங்கே போனாலும் வாசிக்கிறேன்: "அப்பொழுது எண்ணெய் நின்றுபோயிற்று."

அன்றைக்கு எண்ணெய் தீரவில்லை, பாத்திரம் தீர்ந்துவிட்டது! எண்ணெய் பரலோகத்தின் பங்கு, பாத்திரம் பக்கத்து வீட்டின் பங்கு. திக்கற்ற அந்த விதவைக்குத் தெய்வம் துணையாக வந்தது, ஆனால் அயல்வீட்டுக் கதவு வழியாக வந்தது.

வேதாகமம் முழுக்க இப்படித்தான். கானா ஊர்க் கலியாணத்தில் தண்ணீர் திராட்சரசமாக மாறுவதற்கு முன், வேலைக்காரர் ஆறு கற்சாடிகளை விளிம்பு வரைக்கும் நிரப்ப வேண்டியிருந்தது. லாசருவை உயிரோடு எழுப்பியவர் கல்லை எடுத்துப்போடும் வேலையை மற்றவர்களுக்குக் கொடுத்தார். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுளைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னார். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் ஏசாயா 38ஐ ஒரு முறை உட்கார்ந்து படிக்கட்டும். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் 1836இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். 1898இல் அவர் மறையும்போது அந்த இல்லங்களில் ஆதரவு பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. தேவையை மனிதரிடம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டுமே சொல்வேன் என்பது அவர் வைராக்கியம். வந்த ஒவ்வொரு காசையும் கணக்கில் எழுதி அறிக்கையாக அச்சிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று சுவரொட்டியில் அற்புதத்துக்குத் தேதி போடுகிறவர்கள் வரவு செலவுக்கும் ஒரு சுவரொட்டி ஒட்டட்டும், நான் போய் முதல் ஆளாகப் படிக்கிறேன்.

இரண்டாவது காரியம். பவுல் தன் மாம்சத்தின் முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். ஆகவே, வியாதிப்பட்டவரின் கட்டிலருகே போய், "உமக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இதைப் பற்றி இன்னும் பேச வேண்டும்தான், ஆனால் செயலர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் சொல்ல வந்த விஷயத்துக்குப் போய்விடுகிறேன்.

இரத்த வங்கி வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கையில் ஒரு சீட்டு, அதில் நோயாளியின் பெயர், வகை, எத்தனை யூனிட். மறு கையில் செல்போன். கைபேசியில் இருக்கும் எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருப்பார் ஒருவர். உதடு ஜெபித்துக்கொண்டேயிருக்கும். திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்று நாம் ஆலயத்தில் உட்கார்ந்து சொல்கிறோம், அவர் அங்கே நின்று சொல்கிறார். அவருடைய அற்புதம் உங்கள் இரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கலாம்!

இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தி செய்துவிட முடியாது. கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் இரத்த வகைகளை வெளியிட்ட பிறகுதான் யாருக்கு யாருடைய இரத்தம் சேரும் என்பது தெளிவாயிற்று. மருத்துவம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, இரத்தத்துக்கு இன்றைக்கும் மனிதனிடம்தான் வர வேண்டியிருக்கிறது. அதைச் சேர்த்து வைக்கவும் கால வரம்பு உண்டு. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் குளிரில் வைக்கலாம். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் பொதுவாக 5 நாள்தான் தாங்கும். கொடுப்பதற்கோ நாற்காலியில் பத்து நிமிஷம் சாய்ந்திருந்தால் போதும். "மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது" என்ற லேவியராகமம் 17ஐ மனப்பாடமாக ஒப்பிக்கிற நம்மில் எத்தனை பேருக்குத் தங்கள் இரத்த வகை தெரியும்? கையை உயர்த்துங்கள், பார்ப்போம். பார்த்தீர்களா? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நம்மைவிடத் தேவலை!

ஆகவே சபைக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று கேட்கிறேன். பெயர், வகை, கைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி, அவ்வளவுதான். நடுராத்திரியில் போன் வந்தால் எடுத்துப் பேச இரண்டு இளைஞர்கள். கேட்டு வருகிறவர் எந்த மதம், எந்தச் சபை என்று கேட்கக் கூடாது. பஞ்சத்தில் எலியா மூலம் போஷிக்கப்பட்ட சாறிபாத் விதவையும், எலிசா மூலம் குஷ்டம் நீங்கின சீரிய தேசத்து நாகமானும் இஸ்ரவேலைச் சேர்ந்தவர்களா என்ன?

மூன்றாவது காரியத்தைப் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். அடுத்த மாநாட்டுக்குக் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன்.

வலதுபக்க வாசலருகே மேஜை போட்டிருக்கிறது. காய்ச்சல் உள்ளவர்களும், மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறவர்களும் இன்றைக்குப் பெயரை மட்டும் எழுதுங்கள், கொடுப்பதைப் பற்றி மருத்துவர் சொல்வார். முதல் பெயராகத் தம் பெயரை எழுத வேண்டும் என்று பேராயர் அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள் என்று செவிலியர் மறுத்துவிட்டார். அதனால் பேனாவை வைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் அவர்களே உட்காரப் போகிறார்கள். வெளியே போக வேறு வாசல் கிடையாது என்பதையும் சொல்லச் சொன்னார்கள்.