மணல் பொது, வழி?

அவையோருக்கு வணக்கம். கடற்கரைத் தகராறு என்றாலே ‘மணல் யாருக்குச் சொந்தம்’ என்றுதான் பேச்சு தொடங்கும். நம் மாநிலத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அதன் 2ஆவது பிரிவுப்படி, ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லையான உயர் நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள கடற்படுகை அரசின் சொத்து. ஈ.சி.ஆர். பக்கம் ஒருவர் ‘தனியார் கடற்கரை’ என்று பலகை நட்டால், அலை நனைக்கிற மணலில் அந்தப் பலகைக்கு மதிப்பில்லை.

ஆனால் சண்டை அங்கே நடப்பதில்லை. சாலைக்கும் மணலுக்கும் நடுவே பட்டா நிலம் கிடக்கிறது. கடல் எல்லோருக்கும் பொது. கடலுக்குப் போகிற வழிதான் சிக்கல்.

வழி ஒரே நாளில் அடைபடாது. முதலில் ஒரு கயிறு. பிறகு ‘பாதுகாப்புக்காக’ ஒரு கேட், பகலில் திறந்திருக்கும். அப்புறம் வாட்ச்மேன். இருபக்கத்து மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் நடுவில் இருந்த பாதை தோட்டமாகிவிடும். மனைப்பிரிவுகளில் இன்னொரு வகை உண்டு. வரைபடத்தில் சாலை கடல்வரை போகும். அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். எழுதித் தராமல் விட்டிருந்தால், சாலையின் கடைசி முப்பது நாற்பது அடி கடைசி மனைக்காரரின் சுவருக்குள் போய்விடும். கேட்டால் ‘இங்கே ரோடே இல்லையே’ என்பார். காகிதத்தில் பார்த்தால் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

அதனால் முதல் வேலை காகிதம். சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) ‘அ’ பதிவேட்டையும் (கிராம நில வகைப் பதிவேடு) எடுக்கலாம். ‘அ’ பதிவேட்டில் அந்தத் துண்டு ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), பாதைப் புறம்போக்கா என்று இருக்கும். புறம்போக்கு என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது. தாசில்தார் 1905 சட்டத்தின் 7ஆவது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6ஆவது பிரிவில் ஆக்கிரமிப்பை அகற்றலாம். பாதை பட்டாவுக்குள்ளேயே ஓடினால் கதை வேறு. ஊர் எத்தனை காலமாக அதில் நடந்தது என்று காட்ட வேண்டும். பழைய கிராம வரைபடம், அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் ‘கடலுக்குப் போகும் பாதைக்கு வடக்கு’ என்பது போன்ற எல்லைக் குறிப்பு: இவை பத்துப் பேர் வாய்மொழியைவிடக் கனமானவை. எதிராளியின் தாய்ப் பத்திரத்திலேயே இந்த வரி அகப்படுவதும் உண்டு.

அடுத்து, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. அதில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி என்று வருவதைப் பார்த்து, அந்த 200 மீட்டரும் பொது நிலம் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அது கட்டுமானத்துக்கான தடை. பட்டா பட்டாவாகவே இருக்கும். 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைத்தது. அதுவும் புதிய அறிவிக்கைப்படி கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். அதுவரை 200தான்.

அந்த உயர் அலைக் கோடு எங்கே என்பதற்கு ஈர மணலைக் காட்டாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் கடல் மணலைத் தின்னும். கோடையில் திருப்பிப் போடும். ஒரே சுவர் ஒரு படத்தில் அலைக்குப் பக்கத்திலும், இன்னொன்றில் வெகு தூரத்திலும் நிற்கும். மேலாண்மைத் திட்டத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருக்கும் கோடுதான் செல்லும். அந்தக் கோட்டிலிருந்து சுவர்வரை எத்தனை மீட்டர் என்று சர்வே கல்லை வைத்து அளந்து எழுதுங்கள்.

அதே அறிவிக்கையில் கடலோர விடுதிகளுக்கு வழிகாட்டுதல் தனியாக உண்டு. வேலி போடலாம்; ஆனால் அது மக்கள் கடற்கரைக்குப் போவதை எவ்விதத்திலும் தடுக்கக் கூடாது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே 20 மீட்டர் அகல இடைவெளி விட வேண்டும். இதன் தொடர்ச்சிதான் வேடிக்கை. அந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் ‘குறையாமல்’ இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘மிகாமல்’ என்றிருந்தால்தான் பொருள் வரும். உள்ளபடி படித்தால், வழிகள் நெருக்கமாக இருந்துவிடக் கூடாது என்றாகிறது! வலையைத் தோளில் சுமந்து மணலில் நடக்கிறவர் இந்த ஒரு சொல்லின் விலையை அறிவார்.

கோவாவின் வைங்கினிம் கடற்கரை வழக்கைப் பார்ப்போம். விடுதிக்காக அரசு நிலம் எடுத்துக் கொடுத்தபோது, 1983இல் போட்ட ஒப்பந்தத்தில் பொதுமக்கள் கடற்கரைக்குப் போகும் வழியைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. விடுதியின் விரிவாக்கக் கட்டடம் வழியை மறித்தது. இடிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டடத்தைக் காப்பாற்ற மாநில அரசு அதே ஆண்டில் சட்டத்தையே திருத்தியது. அது கசப்பான பகுதி. வழக்கில் வெல்ல உதவியது அந்த எழுத்து நிபந்தனை என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் ஊர் விடுதிக்குக் கொடுத்த அனுமதி ஆணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கே போவது? ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடலோரக் குழு உண்டு. அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். நடக்கிற பாதையை மறித்தால் கோட்டாட்சியரிடம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152ஆவது பிரிவில் மனு தரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆவது பிரிவு. எதிராளி ‘இது பொதுப் பாதையே அல்ல’ என்று மறுத்து, நம்பத்தகுந்த சான்றும் காட்டினால், உரிமையியல் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை கோட்டாட்சியர் விசாரணையை நிறுத்திவைக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் முடங்குவது இங்கேதான். காகிதத்தைத் திரட்டாமல் போகாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால், அதன் சட்டத்தின் 14ஆவது பிரிவில் கெடு ஆறு மாதம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. நீங்கள் மனு கொடுத்த நாளிலிருந்து அல்ல, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து அதை எண்ணுவார்கள். ‘கலெக்டர் பார்த்துக்கொள்வார்’ என்று ஓராண்டு காத்திருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். முதல் கயிறு கட்டிய தேதியைப் படத்தோடு குறித்து வையுங்கள்.