வேலா, வன்னியா? கிட்டே போய் ஒரு படம்

நேயர்களுக்கு வணக்கம்.

படத்தைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்வதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு. அது தெரிந்தவர்கள் கைபேசியில் படம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் ரோட்டோரம் நின்று எடுத்த படம்: நடுவில் ஒரு மரம், மேலே வானம், கீழே நாலு ஆடு. "இதென்ன மரமுங்க?" என்று ஒரு கேள்வி. பனையோ ஆலோ என்றால் உடனே சொல்லிவிடலாம். நம் கொறங்காட்டு மரங்களில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்து மரங்களில், அது நடக்காது. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போனால், கிளுவை வேலிக்கு உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் முள்மரங்களும்தான். தூரத்தில் பார்க்க வெள்வேல், கருவேல், வன்னி, சீமைக்கருவேலம் எல்லாமே பொடி இலை, முள், பரந்த தலை.

போன கோடையில் மூலனூர்ப் பக்கத்து உறவுக்காரப் பையன் ஒரு படம் அனுப்பினான். "மாமா, நாளைக்கு பொக்லைன் வருதுங்க. சீமைக்கருவேலத்தையெல்லாம் எடுக்கறோம். வேலியோரம் இதுகளும் நிக்குதுங்க, சேத்து எடுத்திரலாமுங்களா?" படம் முழுக்க ஒரே பச்சை. எல்லாம் இளம் மரங்கள்; பூவும் இல்லை, காயும் இல்லை. "கண்ணு, கிட்டே போ. ஒவ்வொரு மரத்துலயும் ஒரு கொப்பைக் கையில பிடிச்சு எடுத்து அனுப்பு" என்றேன்.

வந்த படங்களில் முதலில் பார்த்தது இலையை. இந்த மரங்களில் ஒரு காம்பிலிருந்து இருபக்கமும் இணுக்குகள் பிரியும். குட்டி இலைகள் அந்த இணுக்குகளில்தான் வரிசையாக இருக்கும். எண்ண வேண்டியது இணுக்குகளைத்தான், குட்டி இலைகளை அல்ல. வெள்வேலில் ஒரு காம்பில் ஐந்து ஜோடிக்கு மேல் இருக்கும், பத்தைத் தாண்டுவதும் உண்டு. சீமைக்கருவேலத்திலும் வன்னியிலும் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று ஜோடி. இப்படி எண்ணியதில் இரண்டு மரம் வெள்வேல் என்று தெரிந்துவிட்டது.

மிச்சம் இருந்தவை சீமைக்கருவேலமா, வன்னியா? இங்கேதான் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தில் இலை கிளம்புகிற கணுவிலேயே முள் இருக்கும், பெரும்பாலும் ஜோடியாக. வன்னியில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையில், அங்கங்கே, அடி அகன்ற குட்டை முள்ளாக இருக்கும். அந்தப் பையன் அனுப்பியதில் ஒரு கொப்பு அப்படி இருந்தது. கொடுமுடி மகுடேசுவரர் கோயிலில் தலவிருட்சமாக நாம் கும்பிடுகிற அதே வன்னி, அவன் வேலியோரத்தில் தானாக முளைத்து நின்றது. வன்னியும் இரண்டு வெள்வேலும் பிழைத்தன. வெள்வேலங்காய் ஆடுகளுக்கு எப்பேர்ப்பட்ட தீனி என்று கொறங்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், கிட்டே போங்கள். முழு மரம் ஒரு படம், பட்டை ஒரு படம், கணு தெரிகிற மாதிரி கொப்பு ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். மரத்தடியில் கிடக்கிற காயையும் விடாதீர்கள். கருவேலங்காய் ஒவ்வொரு விதைக்கும் நடுவே இறுகிச் சுருங்கியிருக்கும். வெள்வேலங்காய் தட்டையாக, லேசாக வளைந்திருக்கும். பூ இருந்தால் வேலை இன்னும் சுலபம். வேல் இனத்தில் இந்த இரண்டுக்கும் உருண்டைப் பூ. கருவேலுக்கு நல்ல மஞ்சள், வெள்வேலுக்கு வெளிறிய நிறம். வன்னிக்கும் சீமைக்கருவேலத்துக்கும் பூ நீளக் கதிராக வரும்.

மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பெயர் பெற்ற உலர்தாவரச் சேகரிப்பு நம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. அங்கே தாளில் ஒட்டி வைத்த கொப்புகளோடு, எந்த ஊரில், எந்த நாளில் எடுத்தது என்ற சீட்டும் இருக்கும். உங்கள் படத்தோடும் அப்படி ஊரையும் மாதத்தையும் எழுதுங்கள். ஒட்டிய தாளில் இல்லாத ஒன்றை உங்கள் கைபேசி தரும்: நிற்கிற மரத்தின் பட்டை.

பட்டை என்றதும் மருது ஞாபகம் வருகிறது. பவானி, காவிரிக் கரைகளில் நிற்பது நீர்மருது. சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளில் பார்ப்பது கருமருது. இரண்டிலும் இலையின் அடிப்பக்கம், காம்புக்கு அருகே சின்னச் சுரப்பிகள் உண்டு. இரண்டின் காய்க்கும் ஐந்து இறக்கைகள். இலையை மட்டும் எடுத்து அனுப்பினால் எனக்குச் சிரமம்தான். அடிமரத்தைக் காட்டினால் சந்தேகமே வராது. நீர்மருதின் பட்டை வழுவழுப்பாக, வெளிறி, தகடு தகடாக உரியும். கருமருதின் பட்டை முதலைத் தோல் மாதிரி கறுத்து, ஆழமாகக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். காயில் பார்ப்பதென்றால் இறக்கையில் ஓடும் கோடுகள்: நீர்மருதில் மேல்நோக்கி வளையும், கருமருதில் குறுக்காக ஓடும். பட்டையைப் படம் எடுக்காமல் யாரும் மரத்தை விட்டு நகரக் கூடாது என்பது என் பிடிவாதம்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பாலை மரங்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். வெட்பாலை, குடசப்பாலை இரண்டிலும் பால் வரும், இரண்டும் வெள்ளைப் பூ, இரண்டுக்கும் ஜோடி ஜோடியாக நீளக் காய். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் தோல் நோய்க்குப் பூசுகிறோம். குடசப்பாலைப் பட்டை சீதபேதிக்கு மருந்து. காயின் நுனியைப் பாருங்கள்: வெட்பாலையில் முற்றும் வரை இரண்டு காயும் நுனியில் ஒட்டியிருக்கும், குடசப்பாலையில் பிரிந்தே தொங்கும். அந்த நுனி படத்தில் தெரியாவிட்டால், அந்த மரத்துப் பட்டையை மருந்துக்கென்று யாருக்கும் உரித்துக் கொடுத்துவிடாதீர்கள். வணக்கம்.