அலைக்கற்றைக்கு ஏலமே வழி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

செல்பேசிச் சேவைக்கு வேண்டிய வானலைகளான அலைக்கற்றையை நிறுவனங்களுக்கு ஒதுக்க ஏற்றது ஏலமா, அரசின் தேர்வா? ஏலமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார்: ஏலத்தில் கொட்டிய பணத்தை நிறுவனங்கள் மக்கள் தலையில்தான் கட்டும், தகுதியானவரை அரசே பார்த்து இலவசமாகக் கொடுத்தால் கட்டணம் குறையும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலவசமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா செய்தே பார்த்துவிட்டது ஐயா.

பல பத்தாண்டுகள் அங்கே விசாரணை நடத்தித்தான் உரிமம் கொடுத்தார்கள். செல்பேசி வந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன, ஆராய்ந்து மாளவில்லை. 1980-களில் குலுக்கலுக்கு மாறினார்கள். தொலைபேசித் தொழிலில் கால் வைக்காதவர்களெல்லாம் மனுப் போட, கிட்டத்தட்ட 4 லட்சம் விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. 1989-ல் கேப் காட் என்ற கடலோரப் பகுதிக்கான உரிமம் யாருக்கு விழுந்தது? பல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்த ஒரு குழுவுக்கு! அதை அவர்கள் ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு 4.1 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள்.

கவனியுங்கள். சேவை நடத்த வந்த நிறுவனம் முழு விலையையும் கொடுத்துத்தான் உள்ளே வந்தது. அரசு இலவசமாகக் கொடுத்ததால் அந்த விலை மறைந்துவிட்டதா? இல்லை. மக்கள் கருவூலத்துக்கு வர வேண்டிய பணம் தனியார் பைக்குப் போனது, அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு அதில் ஒரு காசு மிச்சமில்லை. கட்டணத்தை முடிவு செய்வது நேற்றுக் கட்டிய உரிமத்தொகை அல்ல. இன்று எதிரே நிற்கும் போட்டியாளர் என்ன விலை வைத்திருக்கிறார் என்பதே.

ஜெர்மனியைச் சொல்வீர்கள். 2000-ல் 3ஜி உரிமங்களுக்குச் சுமார் 5,000 கோடி யூரோ போனது. வென்ற ஆறு நிறுவனங்களில் இரண்டு வலையமைப்பையே கட்டி முடிக்கவில்லை. உண்மை, மறுக்கவில்லை. ஆசையில் அளவுமீறிக் கேட்டவர்கள் நொடிக்கத்தான் செய்வார்கள். அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டியவர்கள் அந்த நிறுவனங்களின் பங்குதாரர்கள்.

அடுத்து, எதிரணி பெரிதாக நம்பும் எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். இந்தியாவில் 2016-ல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலத்துக்கு வந்தது. ஒருவரும் கேட்கவில்லை. 2021-லும் கேட்கவில்லை. "பார்த்தீர்களா, ஏலம் தோற்றது" என்கிறீர்கள். தோற்றது எது? 2016-ல் நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய், அதற்குக் குறைத்துக் கேட்கக்கூடாது என்று அடிப்படை விலை வைத்தார்களே, அதை ஏலமா வைத்தது? அரசு கணக்குப் போட்டு வைத்தது! 2022-ல் அதே விலை 3,927 கோடியாக இறங்கியதும் ஒரு நிறுவனம் நாடெங்கும் வாங்கியது. ஆறு ஆண்டுகள், கட்டடங்களுக்குள்ளும் நுழைந்து நெடுந்தூரம் பாயும் அருமையான அலைக்கற்றை, ஒருவருக்கும் பயன்படாமல் வீணானது. நினைத்தால் வயிறு எரிகிறது.

2008-ல் இதற்கு நேர் எதிர். முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்று சொல்லி, 2001-ல் நிலவிய 1,658 கோடி ரூபாய் விலைக்கே நாடு தழுவிய உரிமம் தரப்பட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. இது தொடர்பான குற்ற வழக்கில் 2017-ல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. நான் யார்மீதும் குற்றம் சாட்ட வரவில்லை, முறையைப் பேசுகிறேன். ஒருமுறை விலை மிகக் குறைவு, இன்னொருமுறை மிக அதிகம். இரண்டுமே கோப்பில் எழுதிய விலைதான்.

ஏலத்தையும் ஒழுங்காக வடிவமைக்க வேண்டும் ஐயா. நியூசிலாந்தில் 1990-ல், வென்றவர் இரண்டாவது ஆள் கேட்ட தொகையைக் கட்டினால் போதும் என்று விதி வைத்தார்கள். அடிப்படை விலை கிடையாது. ஒரு லட்சம் டாலர் கேட்ட ஒருவர் 6 டாலர் கட்டிவிட்டுப் போனார்! அந்தத் தவற்றிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. 1994-ல் அமெரிக்கா நடத்திய ஏலத்தில் எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எதற்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்று கை நழுவினால் இன்னொன்றுக்குத் தாவலாம். ஆனால் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியில் குதிக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தால்தான் ஏலம் கேட்கும் தகுதி நிலைக்கும். இதை வடிவமைத்தவர்களில் பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கிராமங்களை ஏலம் மறந்துவிடும் என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. ஜெர்மனி 2010-ல் 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது, 5,000 பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களுக்கு முதலில் சேவை கொடு என்று நிபந்தனை வைத்தது. நிபந்தனையை அரசு எழுதட்டும், விலையை ஏலம் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. பழைய பயன்பாட்டில் முடங்கிய அலைக்கற்றையை மீட்பது எப்படி? அமெரிக்காவில் 2017-ல் முடிந்த ஏலத்தில், தங்கள் அலைக்கற்றையை விட்டுக்கொடுக்க என்ன தொகை வேண்டும் என்று தொலைக்காட்சி நிலையங்களையே கேட்டார்கள். 84 மெகாஹெர்ட்ஸ் காலியானது. நிலையங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் போனது. வாங்கியவர்கள் கொடுத்தது சுமார் 1,980 கோடி டாலர். எந்த நிலையம் எவ்வளவுக்கு விட்டுக்கொடுக்கும் என்பதை எந்தத் தேர்வுக்குழு உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கும்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.