குஞ்சுக் கூண்டு நாறுகிறதா? தண்ணீரைத் தேடுங்கள்

(காட்சி: தென்னந்தோப்பு ஓரம். தார்ப்பாய் கட்டிய கூண்டு, பல்பு வெளிச்சத்தில் குஞ்சுகள்.)

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்தக் கடற்கரை ஊரில் கோழிக்குஞ்சு வளர்த்தாலும் இந்தக் கேள்வி வரும்: "கூண்டு நாறுது, என்ன தூவலாம்?" எதையும் தூவுவதற்கு முன்னால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். காய்ந்திருந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். ஈரம் பட்டால் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். கண்ணைக் கரிக்கிற நெடி அதுதான். காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினால் குஞ்சின் கண்ணும் மூச்சுக்குழாயும் பாதிக்கப்படும், பின்னாலேயே சளி பிடிக்கும். நம் மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால், காலையில் கூண்டைத் திறந்ததும் நன்றாகக் குனிந்து, குஞ்சின் உயரத்தில் முகர்ந்து பாருங்கள்.

(காட்சி: கூடைகளில் உமி, மரச்சீவல், கடற்கரை மணல்.)

கீழே பரப்ப நெல் உமி போதும், 2 அங்குலம். தச்சுப்பட்டறைச் சீவலும் நல்லது. பொடி மரத்தூள் வேண்டாம், தூசி கிளப்பும், குஞ்சும் தின்னும். முதல் சில நாள் உமியையே தீனி என்று கொத்தும், அதனால் மேலே சொரசொரப்பான தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். வழவழப்பான தாளில் கால் வழுக்கி விரிந்துபோகும்.

கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். கொத்துகிற குஞ்சின் வயிற்றுக்கும் உப்பு போகும்.

நம் கரையில் பாதி நாற்றத்துக்குக் காரணமே இந்த உப்புதான் என்பேன். கிணறும் போரும் பல இடங்களில் உவர். அந்தத் தண்ணீரைக் குடித்தால் எச்சம் நீர்த்துப்போகும். கருவாட்டுக் கழிவைத் தீனியில் கலந்தாலும் இதே கதைதான்: உப்பு ஏறும், குஞ்சு மேலும் மேலும் குடிக்கும், அத்தனையும் உமியில் இறங்கும். எத்தனை முறை உமி மாற்றினாலும் மறுநாளே நாறும். குஞ்சுக்கு ஊற்றுத் தண்ணீரோ காவிரிக் கூட்டுக் குடிநீரோ வையுங்கள். பத்து நாள் குஞ்சு எவ்வளவு குடித்துவிடப் போகிறது?

சூடு அதிகமானாலும் நிறையக் குடிக்கும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். சித்திரைப் பகலில் எதற்குப் பல்பு? குஞ்சு வாயைத் திறந்து இரைத்தால் அணைத்துவிடுங்கள்.

(காட்சி: செங்கல் மேல் தண்ணீர்க் கிண்ணம். ஒரு கை உமியை அள்ளிப் பிடிக்கிறது.)

கிண்ணத்தைச் செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். சிந்துவது குறையும். தினம் ஒருமுறை உமியைக் கிளறி, கட்டி தட்டியதை அள்ளி வெளியே போடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்கிறதா? ஈரம் அதிகம். உதிர்ந்தால் சரி. ஈரமும் சூடும் சேர்ந்தால் ரத்தக் கழிச்சல் கிருமியும் முற்றி நோய் தரும் நிலைக்கு வந்துவிடும், ஆகவே இது நாற்றத்தோடு முடிகிற விஷயமில்லை.

அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் பலரும் தூவுகிறார்கள். இரண்டும் காரம். ஈர எச்சத்தின் மேல் விழுந்தால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். சுண்ணாம்பு அடிப்பதானால் கூண்டு காலியாக இருக்கும்போது தரைக்கு அடியுங்கள்.

அப்புறம் காற்று. குளிருக்குப் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் மூடிவிடுகிறோம். குஞ்சின் மேல் காற்று நேராக அடிக்காமல் கீழே மறைத்து, மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள்.

(காட்சி: அரிசி ஆலை வாசலில் உமி மூட்டைகள்.)

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த உமி கிடைப்பது கஷ்டம். தை, மாசி அறுவடை முடிந்து ஆலையில் உமி குவிகிறபோதே நாலு மூட்டை வாங்கி, தரையில் படாமல் பலகை போட்டு அடுக்கிவிடுங்கள்.