பாட்டு வாத்தியார் டாட் டங்கன்

நேயர்களுக்கு வணக்கம். குரல் பயிற்சி சொல்லிக் கொடுப்பவர்களிடம் பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் கச்சேரி செய்வதில்லையா?" மேடை கிடைக்காதவர்தான் வகுப்பு எடுக்கிறார் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிற எண்ணம். எனக்கு இது பிடிக்காது. அதனால் இன்று ஒருவரைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன். அமெரிக்கப் பாடகர் டாட் டங்கன்.

1903-இல் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்த கருப்பினத்தவர். அம்மாவே இசை ஆசிரியை. 1930-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்த கையோடு, வாஷிங்டனில் கருப்பின மாணவர்கள் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் குரலிசை ஆசிரியராகச் சேர்ந்தார். முதலில் வேலை, பிறகுதான் புகழ். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

1934-இல் ஜார்ஜ் கெர்ஷ்வின் தன் 'போர்கி அண்ட் பெஸ்' இசை நாடகத்துக்குக் கதாநாயகனைத் தேடிக்கொண்டிருந்தார். ஹாலிவுட்டும், நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயும் கொண்டாடிய இசையமைப்பாளர் அவர். பத்திரிகை விமர்சகர் ஒருவர் டங்கனின் பெயரைச் சொல்ல, அழைப்புப் போகிறது. நம் வாத்தியாருக்கோ பெரிய ஆர்வம் இல்லை. கெர்ஷ்வின் மெட்டெல்லாம் ஜனரஞ்சகச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று நினைத்தவர் அவர்! இருந்தாலும் நியூயார்க் போனார். பியானோ வாசிக்க ஆள் கூட்டிப் போகவில்லை. கெர்ஷ்வினே உட்கார்ந்து வாசித்தார். கருப்பினப் பாடகர் என்றால் தேவாலயப் பாட்டுத்தான் பாடுவார் என்று எதிர்பார்த்திருந்த இடத்தில், டங்கன் எடுத்தது பழைய இத்தாலியச் சாஸ்திரியப் பாடல். சில அடிகள்தான் ஆகியிருக்கும், கெர்ஷ்வின் நிறுத்தினார். "இது மனப்பாடமா? என்னைப் பார்த்துப் பாடுங்கள்" என்றார். இன்னும் சில அடிகள். அவ்வளவுதான். என்னுடைய போர்கியாக நடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

டங்கன் என்ன சொல்லியிருப்பார்? காலில் விழுந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? முதலில் உங்கள் இசையைக் கேட்க வேண்டும் என்றார். யாரிடம்? கெர்ஷ்வினிடம்! நான் இதை ஆணவம் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பாட்டையும் ஒரு முறை கேட்டுப் பார்க்காமல் மாணவனுக்குச் சிபாரிசு செய்யாத வாத்தியார் புத்தி அது. அடுத்த முறை மனைவியோடு போனார். ஜார்ஜும் அண்ணன் ஐராவும் நாடகம் முழுவதையும் தாங்களே பாடிக் காட்டினார்கள். இருவர் குரலும் படு மோசம் என்று டங்கன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்கக் கேட்க மனம் மாறி, கடைசியில் கண் கலங்கிவிட்டார்.

1935 அக்டோபர் 10. பிராட்வேயில் அரங்கேற்றம். போர்கி நடக்க முடியாத ஏழை. ஆட்டு வண்டியில் போவான், இல்லையென்றால் முழங்காலில் நகர்வான். டங்கன் அந்தப் பாத்திரம் முழுவதையும் முழங்காலிட்டே பாடினார். இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியவேண்டுமானால், வானொலியை அணைத்துவிடாமல், அப்படியே தரையில் மண்டியிட்டு உங்களுக்குப் பிடித்த பாட்டில் ஒரு வரி பாடிப் பாருங்கள். குதிகால்மேல் உட்கார்ந்தீர்களோ, வயிறு மடங்கிவிடும். மூச்சு கீழே இறங்காமல் தோளுக்கு ஏறும். தோள் ஏறினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் குரல் நசுங்கும். அதனால் தொடையிலிருந்து உடம்பை நிமிர்த்திப் பிடித்தபடியே பாட வேண்டும். அன்றைக்கு மைக் கிடையாது. எதிரே முழு வாத்தியக் குழு. கடைசி வரிசை வரை சொல் கேட்க வேண்டும். இப்படி ஒருமுறை இரண்டுமுறை இல்லை, வாழ்நாளில் 1,800 தடவைக்கு மேல் அவர் போர்கியாக நடித்தார். முறையாகக் கற்காத குரலாக இருந்தால் முதல் மாதத்திலேயே கட்டிக்கொண்டிருக்கும்.

பிராட்வேயில் 124 காட்சிகளோடு முடித்துக்கொண்டு, 1936-இல் குழு வாஷிங்டனுக்கு வந்தது. நேஷனல் தியேட்டர். மேடையில் கருப்பினத்தவர் பாடலாம், கீழே உட்கார்ந்து பார்க்கக் கூடாது. டங்கன் பாடம் நடத்துகிற ஊர் அது. அவருடைய மாணவர்களுக்கே டிக்கெட் கிடையாது! பாட மாட்டேன் என்றார். கதாநாயகி பெஸ்ஸாக நடித்த ஆன் பிரவுனும் மறுத்தார். நிர்வாகம் பேரம் பேசியது. பகல் காட்சிக்கு மட்டும் வரட்டும் என்றது. முடியாது. சரி, மாடியில் உட்காரட்டும் என்றது. அதுவும் முடியாது, எந்த இருக்கையை வேண்டுமானாலும் அவர்கள் வாங்கலாம் என்றால்தான் திரை உயரும் என்று நின்றார். நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த நாடகம் நடந்தவரை அரங்கம் எல்லோருக்கும் திறந்திருந்தது. குழு ஊரைவிட்டுப் போனதும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. 1948-இல், எல்லோரையும் அனுமதிப்பதற்குப் பதில் நாடகத்தையே நிறுத்திச் சினிமாக் கொட்டகையாக மாற்றினார்கள் என்றால் பிடிவாதத்தைப் பாருங்கள். 1952-இல்தான் கதவு நிஜமாகத் திறந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஹோவர்ட் வகுப்பை அவர் விடவில்லை. 1945 வரை அங்கே ஆசிரியர்தான். அதே ஆண்டு நியூயார்க் சிட்டி ஆப்பெரா என்ற குழுவில், 'பாலியாச்சி' என்ற இத்தாலிய ஆப்பெராவில், அதாவது மேற்கத்திய சாஸ்திரிய இசை நாடகத்தில், டோனியோ என்ற பாத்திரமாகப் பாடினார். வெள்ளையர்களோடு சேர்ந்து அந்த மேடையில் பாடிய முதல் கருப்பினப் பாடகர் அவர். 1949-இல் மறுபடி பிராட்வே, தென்னாப்பிரிக்கக் கதை ஒன்றில் பாதிரியார் வேடம். ஆப்பெரா பாடுகிறவர் நாடகப் பாட்டுப் பாடினால் தரம் குறைந்துவிடும் என்று நம் ஊரிலும் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் இரண்டுக்கும் ஒரே குரலைத்தான் வைத்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். அவர் கற்பித்ததைப் பற்றித்தான் அதிகம் பேச வந்தேன், அதற்குத்தான் நேரமில்லாமல் போயிற்று. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965-இல் மேடையை விட்டார், வகுப்பை விடவில்லை. பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்தார். முக்கியமாக வாஷிங்டனில் தன் வீட்டிலேயே வகுப்பு வைத்திருந்தார். 1998 பிப்ரவரியில் தன் 95-ஆவது வயதில் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய பிறகும் அந்த வீட்டுக்கு மாணவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.